சஸ்பென்ஸ் அக்கவுன்ட்

உங்கள் வீட்டில் நாய் இருந்தால் ஒரு காரியம் செய்யுங்கள். இந்தப் பக்கத்தை அப்படியே கவிழ்த்து வைத்துவிட்டுப் போய், அதை மல்லாக்கப் படுக்க வைத்து வயிற்றைப் பார்த்துவிட்டு வாருங்கள். அவசரமில்லை.

பார்த்தாயிற்றா? நாய் இல்லாதவர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். கடைசியில் உங்களுக்கும் ஒரு விஷயம் இருக்கிறது.

எங்கள் வீட்டு நாய்க்கு இரண்டு பெயர். 2015 டிசம்பரில் சென்னை மிதந்தபோது, எங்கள் மாடிப்படியின் மூன்றாவது படியில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த தெருக்குட்டி அது. அப்போது ஆறு வயதான என் மகள், பள்ளிக்கூடத்தில் கேட்ட வெள்ளக் கதையை ஞாபகம் வைத்துக்கொண்டு 'நோவா' என்று பெயர் வைத்தாள். பொருத்தமான பெயர்தான். ஆனால் என் அம்மா வாயில் அது இரண்டே நாளில் 'நோவு' ஆகிவிட்டது. "நாய்க்கு யாராவது நோவுன்னு பேர் வைப்பாங்களாடா?" என்று அம்மாவே கோபித்துக்கொண்டு 'மணி' என்று மாற்றிவிட்டாள். மகள் கூப்பிட்டால் நோவா, மற்றவர்கள் கூப்பிட்டால் மணி. தட்டு சத்தம் கேட்டால் எந்தப் பெயரும் தேவையில்லை.

2022 ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் பேப்பர் படிக்க, மணி வழக்கம்போல் என் நாற்காலிக்கு அடியில் வந்து மல்லாந்தான். காலால் வயிற்றைத் தடவிக் கொடுக்க வேண்டும் என்பது எங்களுக்குள் உள்ள ஒப்பந்தம். தடவும்போதுதான் கவனித்தேன். முடி அதிகம் இல்லாத அடிவயிற்றில், தொடை சேருமிடத்தில், கடுகைக் கொட்டியது மாதிரி சிவப்புப் புள்ளிகள். சில இடத்தில் மிளகு அளவு. சில, சிவப்பும் இல்லாமல் நீலமும் இல்லாமல் கத்திரிப்பூ நிறம்.

வீடு கூடியது. அரை மணி நேரம் பட்டிமன்றம்.

"உடம்புச் சூடு" என்றாள் அம்மா. அம்மாவைப் பொறுத்தவரை உலகத்தில் இரண்டே வியாதி. ஒன்று சூடு, இன்னொன்று வாயு. எதிர் போர்ஷன்காரர் எட்டிப் பார்த்து, "வேர்க்குரு சார், பவுடர் போடுங்க" என்றார். நாய்க்குப் பாதத்தைத் தவிர வேறெங்கும் நம்மைப் போல வேர்க்காது; அப்புறம் வேர்க்குரு எங்கிருந்து வரும் என்று எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. அன்றைக்குத் தலையாட்டினேன்.

என் மனைவிதான் புத்திசாலித்தனமாக ஒன்று சொன்னாள். "வயிறு எங்க படுது? தரையில. தரையில என்ன இருக்கு? பினாயில்."

எல்லோருக்கும் பளிச்சென்று இருந்தது. மூன்று வாரம் முன்னால்தான் பினாயில் மாறியிருந்தது. வழக்கமாக வாங்கும் பாட்டிலை விட்டுவிட்டு, ட்ரைசைக்கிளில் கொண்டுவந்து விற்கிற ஐந்து லிட்டர் கேன். வாங்கியது நான். பாதி விலை. பி.காம். படித்தவன் பாதி விலைக்குக் கிடைப்பதை விடுவானா? ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை யாரும் கேனை வாங்கியவனைப் பற்றிப் பேசவில்லை. கேனிலிருந்து ஊற்றுகிறவரைப் பற்றிப் பேசினோம்.

எங்கள் வீட்டில் பதினோரு வருஷமாக வேலை செய்கிற அக்கா. என்னைவிட ஐந்தாறு வயது பெரியவர். மறுநாள் காலையில் வாளியோடு வந்தபோது ரொம்பப் பக்குவமாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னேன்.

"அக்கா, பினாயிலைக் கொஞ்சம் பார்த்து ஊத்துங்க. மணிக்கு வயிறெல்லாம் எப்படி ஆயிருக்கு பாருங்க."

அக்கா குனிந்து பார்த்தார். தொட்டுப் பார்த்தார். "மூடியில அளந்துதான் சார் ஊத்துறேன். பினாயில் ஒத்துக்கலன்னா அரிக்கும் சார். அவன் சொறியவே இல்லியே?"

இதில் மூன்று வாக்கியம் இருக்கிறது. எனக்கு முதல் வாக்கியம் மட்டும்தான் காதில் விழுந்தது. அதையும் சாக்கு என்று எடுத்துக்கொண்டேன். மற்ற இரண்டும் காற்றில் போயின.

இரண்டு நாள் கழித்துப் புள்ளிகள் அதிகமானபோது என் மனைவி இந்த அளவுக்குப் பக்குவம் பார்க்கவில்லை. "இனிமே தரை துடைக்க வேணாம்க்கா, நாங்க பாத்துக்கறோம்" என்று சொல்லிவிட்டாள். பதினோரு வருஷம் துடைத்த தரை. அக்கா ஒன்றும் பேசவில்லை. பாத்திரத்தை மட்டும் தேய்த்துவிட்டுப் போனார். அன்றைக்குப் பாத்திரங்கள் வழக்கத்தைவிடச் சத்தமாகத் தேய்க்கப்பட்டன.

வெறும் தண்ணீரில் தரை துடைத்தோம். புள்ளிகள் போகவில்லை. அம்மா வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினாள். மணி நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை மாதிரி வளைய வந்தான். பூசியதில் பாதியை நக்கித் தின்றான். நான் மருந்துக் கடைக்குப் போய், "தோல்ல சிவப்பா தடிப்பு" என்றேன். யாருக்கு என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஒரு ட்யூப் கொடுத்தார். ஸ்டீராய்டு, பூஞ்சைக்கு ஒன்று, கிருமிக்கு ஒன்று என்று மூன்று மருந்து கலந்த க்ரீம். இந்த மாதிரி ஸ்டீராய்டு க்ரீம்கள் பலவற்றை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே மத்திய அரசு பட்டியலில் சேர்த்தாயிற்று. பட்டியல் டெல்லியில் இருக்கிறது. ட்யூப் என் பாக்கெட்டில் இருந்தது.

க்ரீம் தடவும்போது ஒரு கண்டுபிடிப்பும் நடந்தது. வயிற்றில் வரிசையாகச் சின்னச் சின்ன முண்டு. "அகப்பட்டுதுடா உண்ணி!" என்று ஒன்றைப் பிடித்து இழுக்கப் போனேன். மகள் அலறினாள். "அப்பா, அது காம்பு!" ஆண் நாய்க்கும் பால் காம்பு உண்டு. எட்டு, பத்து இருக்கும். உண்ணி என்று நினைத்து இதைப் பிடுங்கப் பார்த்து நாயிடம் கடி வாங்குகிறவர்கள் நிறையப் பேராம். மணி பெருந்தன்மையாக உறுமலோடு விட்டுவிட்டான்.

ஆறாம் நாள் இட்லியை மோந்துவிட்டு அப்படியே படுத்தான். ஏழாம் நாள் குக்கர் விசிலுக்கு எழுந்து வரவில்லை. "க்ரீம் நாத்தம், அதான் சாப்பிட மாட்டேங்குது" என்று அதற்கும் ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். எதற்கும் காரணம் கண்டுபிடிக்கிற திறமை எனக்கு உண்டு. பத்திரிகையில் அதற்குத்தான் சம்பளம்.

எட்டாம் நாள் திங்கட்கிழமை. மனைவி ஆபீஸ், மகள் ஸ்கூல். அக்காதான் வராந்தாவிலிருந்து கூப்பிட்டார். "சார், சீக்கிரம் வாங்க! மணிக்கு மூக்குல ரத்தம்."

படுத்திருந்த பேப்பரில் ஐந்தாறு சொட்டு. இடது மூக்கிலிருந்து இன்னும் ஒழுகிக்கொண்டிருந்தது. அதுவரைக்கும் 'நாய்க்குத் தோலில் ஏதோ' என்று இருந்த விஷயம் அந்த நிமிஷத்தில் வேறாகிவிட்டது. எனக்குக் கை நடுங்கியது. மூன்று ஆட்டோ, நாயைப் பார்த்ததும் போய்விட்டது. நாலாவது நின்றது. அக்கா என்னைக் கேட்காமலே புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்து, மணியை மடியில் வாங்கிக்கொண்டார். இருபது கிலோ நாய்.

டாக்டர் சின்ன வயதுக்காரர். பதறவில்லை. வெப்பமானி வைத்தார். 104. நாய்க்கு 101-லிருந்து 102.5 வரை இயல்பு என்றார். உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். வெளிறியிருந்தது. பிறகு வயிற்றைப் பார்த்தார். பார்த்துவிட்டு எங்கள் இருவரையும் பொதுவாகப் பார்த்துக் கேட்டார்:

"சொறிஞ்சுதா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா சொன்னார். "இல்ல டாக்டர். ஒருநாள்கூட சொறியல."

"அதான் முக்கியம்" என்றார் டாக்டர்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தேவலை என்று இருந்தது.

டாக்டர் ரத்தப் பரிசோதனைக்கு வைத்திருக்கும் கண்ணாடித் துண்டு ஒன்றை எடுத்தார். புள்ளிகளின் மேல் வைத்து அழுத்தினார். "பாருங்க சார், மறையுதா?"

மறையவில்லை. கண்ணாடிக்கு அடியில் சுற்றியுள்ள தோல் வெளுத்தது. புள்ளிகள் மட்டும் அப்படியே இருந்தன.

அவர் விளக்கியதை என் பாஷையில் சொல்கிறேன். தோல் எரிச்சலால் சிவந்தால், அங்கே ரத்தக் குழாய்கள் விரிந்திருக்கின்றன என்று அர்த்தம். ரத்தம் குழாய்க்குள்தான் இருக்கிறது. அழுத்தினால் நகரும், தோல் வெளுக்கும், விட்டால் மறுபடி சிவக்கும். அழுத்தியும் மறையாவிட்டால், ரத்தம் குழாயை விட்டு வெளியே கசிந்து தோலுக்கடியில் தேங்கியிருக்கிறது. அது சொறியோ ஒவ்வாமையோ இல்லை. ரத்தக் கசிவு. தோல் வெறும் அறிவிப்புப் பலகைதான். வியாதி உள்ளே.

பிறகு கால் விரல்களைப் பிரித்தார். வலது முன்னங்காலில் இரண்டு விரலுக்கு நடுவே, ஊதிப்போய் சாம்பல் நிறத்தில், ஆமணக்கு விதை மாதிரி உட்கார்ந்திருந்தது நிஜமான உண்ணி. (ஆமணக்குக்கு விஞ்ஞானப் பெயர் ரிசினஸ் கம்யூனிஸ். 'ரிசினஸ்' என்றால் லத்தீனில் உண்ணி. விதையைப் பார்த்தவுடன் அவர்களுக்கும் அதே ஞாபகம்தான் வந்திருக்கிறது.) வயிற்றையே ஒரு வாரம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்த நான், விரலிடுக்கைப் பார்க்கவேயில்லை.

ரத்தம் எடுத்தார்கள். கொரோனா டெஸ்ட் மாதிரியே ஒரு கிட்டில் சொட்டு விட்டார்கள். இரண்டு கோடு. பிளேட்லெட் எண்ணிக்கை 22,000. ஒரு நாய்க்கு இரண்டு லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும். டெங்கு புண்ணியத்தில் பிளேட்லெட் என்றால் என்ன என்று நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும் என்பதால் விளக்கவில்லை.

வியாதியின் பெயர் எர்லிக்கியோசிஸ். நாய் வளர்ப்பவர்கள் பாஷையில் 'டிக் ஃபீவர்', உண்ணிக் காய்ச்சல். எர்லிக்கியா கேனிஸ் என்ற பாக்டீரியா. நாயைக் கடிக்கும் பழுப்பு உண்ணி வழியாக ரத்தத்துக்குள் போய், வெள்ளையணுக்களுக்குள்ளேயே குடித்தனம் நடத்துகிறது. 1935-ல் அல்ஜீரியாவில் நாய்களிடம் முதலில் கண்டுபிடித்தார்கள். 1908-ல் நோபல் பரிசு பெற்ற பால் எர்லிக் நினைவாகப் பிற்பாடு இந்தப் பெயர். வியட்நாம் யுத்தத்தின்போது அமெரிக்க ராணுவ நாய்கள், குறிப்பாக ஜெர்மன் ஷெப்பர்டுகள், மூக்கில் ரத்தம் கொட்டி இதில் ஏராளமாகச் செத்தன. அதற்குப் பிறகுதான் உலகம் இதைக் கொஞ்சம் சீரியஸாக எடுத்துக்கொண்டது. இத்தனை சரித்திரமும் எங்கள் வராந்தாவில் பேப்பர் மேல் ஐந்தாறு சொட்டாக இருந்தது.

உண்ணி கடித்து ஒரு வாரத்திலிருந்து மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் தொடங்கும். ஆக, ஜூன் மாதக் கணக்கு. டாக்டர் கேட்டார்: "உண்ணிக்கு மருந்து கடைசியா எப்ப விட்டீங்க?"

கழுத்துக்குப் பின்னால் மாதாமாதம் சொட்டு விடுகிற மருந்து. ஏப்ரலில் விட்டது. மேயில் ஊருக்குப் போனோம், மறந்துவிட்டது. ஜூனில் மறக்கவில்லை. ஸ்கூல் ஃபீஸ் கட்டிய மாதம் என்பதால் 'அடுத்த மாசம் பாத்துக்கலாம்' என்று நானே தள்ளிவைத்தேன். மிச்சம் பிடித்தது இரண்டு மாதத்துக்கும் சேர்த்து ஆயிரத்துக்குள். அன்றைக்கு ஆரம்பித்து மாத்திரை, ஊசி, ட்ரிப்ஸ், திரும்பத் திரும்ப ரத்த டெஸ்ட் எல்லாமாக முடிந்தபோது எட்டாயிரத்துச் சொச்சம். பி.காம். என்று வெளியே சொல்லிக்கொள்ளாதீர்கள் என்றாள் மனைவி.

"பினாயில் இல்லையா டாக்டர்?" என்று கடைசி நம்பிக்கையோடு கேட்டேன்.

"பினாயிலும் பண்ணும் சார். ஆனா இப்படிப் பண்ணாது."

மருந்து டாக்ஸிசைக்ளின், 28 நாள். மூன்று நாளில் காய்ச்சல் விட்டது. நாலாம் நாள் குக்கர் விசிலுக்குக் காது மட்டும் எழுந்தது. ஐந்தாம் நாள் நாயே எழுந்தது. நாய் எழுந்துவிட்டதே என்று மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது என்பதில் டாக்டர் கண்டிப்பாக இருந்தார். கிருமி ரத்தத்தில் பதுங்கிக்கொண்டு மாதக் கணக்கில் இருந்து திரும்ப வருமாம். இன்னொன்றும் சொன்னார். நம் வீடுகளில் மாத்திரையைத் தயிர் சாதத்தில் ஒளித்துக் கொடுப்போம் இல்லையா, இந்த மாத்திரைக்கு அது உதவாது. பால், தயிரோடு சேர்ந்தால் மருந்து உடம்பில் ஏறுவது குறைந்துபோகும். இட்லிக்குள் வைத்தோம். தொண்டையில் ஒட்டாமலிருக்க மேலே கொஞ்சம் தண்ணீர். இரண்டு வாரத்தில் பிளேட்லெட் ஒன்றரை லட்சம் தாண்டியது. புள்ளிகள் பழுப்பாகி, மஞ்சளாகி, நம் உடம்பில் கன்றிய இடம் மாறுவது போலவே மாறி, காணாமல் போயின.

"இது நமக்குத் தொத்துமா?" என்று மனைவி போனில் கேட்கச் சொன்னாள். நாயிடமிருந்து நேராகத் தொற்றாது, உண்ணிதான் தூதுவன் என்றார் டாக்டர். ஆகவே வீட்டையும் கவனிக்க வேண்டியிருந்தது. இந்தப் பழுப்பு உண்ணி தன் ஆயுளில் பெரும்பகுதியை நாய் மேல் கழிப்பதில்லை. ரத்தம் குடிக்கும், விழும், சுவர் வெடிப்பில் போய் ஒளியும், உருமாறும், மறுபடி நாயைத் தேடி வரும். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். வராந்தாவில் ஸ்விட்ச் போர்டுக்குப் பின்னால், கதவு நிலைக்கும் சுவருக்கும் நடுவில், மணியின் கோணிப்பை மடிப்பில் எல்லாம் இருந்தன. கோணியை எரித்தோம். வெடிப்புகளைச் சிமென்ட் வைத்து அடைத்தோம்.

இப்போது உங்கள் நாய்க்கு வருகிறேன். வயிற்றில் ஏதோ சிவப்பாக இருக்கிறது என்றால், என்னைப் போல மருந்துக் கடைக்கு ஓடாமல் இந்தக் கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லாம் அந்த டாக்டர் 28 நாளில் எனக்குத் தவணை முறையில் சொல்லிக் கொடுத்தவை.

சொறிகிறதா? சொறிகிறது என்றால், எங்கெல்லாம் சிவப்பு? தரையில் படுகிற இடங்களில் மட்டும், அதாவது அடிவயிறு, அக்குள், தாடைக்குக் கீழ், விரலிடுக்கு என்றால் தரையில் போட்ட ஏதோ ஒன்று ஒத்துக்கொள்ளவில்லை. வெறும் தண்ணீரில் வயிற்றைக் கழுவி, தரையையும் நல்ல தண்ணீரில் துடைத்து, அந்தத் திரவத்தை நிறுத்தினால் சில நாளில் தணிய வேண்டும். நாயின் தோல் நம் தோலைவிட மெல்லியது. நம் தோலுக்கு இருக்கும் அமிலத் தன்மையும் அதற்குக் கிடையாது. ஆகவே நம் சோப்பு அதற்கு வேண்டாம்.

இடுப்பு, வாலடி, தொடை என்று கடித்துக்கொண்டே இருக்கிறதா? முடியில் மிளகுத்தூள் மாதிரி கறுப்பாக ஏதாவது உதிர்ந்தால், ஈர வெள்ளைத் துணியில் வைத்து அழுத்துங்கள். சிவப்பாகக் கரைந்தால் அது அழுக்கு இல்லை. தெள்ளுப்பூச்சி குடித்துச் செரித்த ரத்தம்.

ராத்திரி பகல் தூங்காமல் சொறிகிறது, காது ஓரமும் முழங்கையும் சேர்ந்து பொருக்குத் தட்டுகிறது, உங்களுக்கும் வயிற்றிலும் கையிலும் அரிக்கிறது என்றால் சொறிப்பூச்சி. இரண்டு பேரும் டாக்டரிடம் போங்கள். ஆளுக்கொரு டாக்டர்.

சின்னச் சீழ்க் கொப்புளம், அது உடைந்து ஓரத்தில் வட்டமாகத் தோல் உரிந்தால் கிருமித் தொற்று. வட்டமாக முடி உதிர்ந்தால் படையாக இருக்கலாம். அது வீட்டுக் குழந்தைகளுக்கும் வரும். இதிலெல்லாம் ஸ்டீராய்டு க்ரீம் தடவினால் சிவப்பு மட்டும் அடங்கும். வியாதி உள்ளே சாவகாசமாக வளரும். டாக்டர் சுரண்டிப் பார்க்கும்போது படமும் கலைந்திருக்கும். அதோடு, தடவியதையெல்லாம் நாய் நக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

சொறியவே இல்லை, கண்ணாடி டம்ளரின் அடிப்பக்கத்தை வைத்து அழுத்தியும் புள்ளி மறையவில்லை என்றால் யோசிக்காதீர்கள். அன்றைக்கே டாக்டர். உண்ணிக் காய்ச்சல் என்றில்லை, எலி மருந்தைத் தின்றிருந்தாலும் உடம்பில் அங்கங்கே ரத்தம் கசியும். எதுவானாலும் வீட்டில் பார்க்கிற சமாசாரம் இல்லை.

உண்ணியைக் கண்டால் மண்ணெண்ணெய், ஊதுபத்தி நெருப்பு எல்லாம் வேண்டாம். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுங்கள். சொட்டு மருந்து விடுவதற்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் குளிப்பாட்டக் கூடாது. வீட்டில் பூனையும் இருந்தால் டாக்டரிடம் சொல்லிவிட்டு வாங்குங்கள். நாய்க்கான சில உண்ணி மருந்துகள் பூனைக்கு விஷம்.

நாய்க் கதை இவ்வளவுதான். நாய் இல்லாதவர்களுக்கு ஒன்று பாக்கி வைத்திருந்தேன்.

அன்றைக்கு டாக்டரிடமிருந்து திரும்பும்போது ஆட்டோவில் மணி அக்காவின் மடியில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டு வந்தான். அக்கா அவன் காதைத் தடவிக்கொண்டே வந்தார். நான் என்ன பேசுவது என்று தெரியாமல் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கவனித்தேன். விரலிடுக்கெல்லாம் தோல் உரிந்து வெள்ளையாக, நடுநடுவே சிவந்து வெடித்திருந்தது. மணிக்கட்டு வரைக்கும் சொறிந்த கோடுகள்.

"என்னக்கா கையில?"

"இதுவா சார்? பினாயில். அந்தப் புது கேன் வந்ததுலேர்ந்து அரிப்பு தாங்கல. ராத்திரியில தேங்காண்ணெய் தடவிக்குவேன்."

'பினாயில் ஒத்துக்கலன்னா அரிக்கும் சார்' என்று அக்கா அன்றைக்குச் சொன்னது அனுமானம் இல்லை. கையைக் காட்டித்தான் சொல்லியிருக்கிறார். நான் நாயின் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காலேஜில் எங்களுக்கு அக்கவுன்டன்சி எடுத்த சார் ஒன்று சொல்வார். ட்ரயல் பேலன்ஸ் இரண்டு பக்கமும் ஒத்துப்போகவில்லை என்றால், வித்தியாசப்படும் தொகையை சஸ்பென்ஸ் அக்கவுன்ட் என்று ஒரு கணக்குத் திறந்து அதில் போட்டுவை. தப்பு எங்கே என்று கண்டுபிடித்த பிறகு உரிய கணக்குக்கு மாற்று. தெரியாததைத் தெரியாது என்று எழுதுவதற்குத்தான் அந்தக் கணக்கே. யாராவது ஒருத்தர் பெயரில் எழுதி டேலி பண்ணாதே. அது பிழை இல்லை, மோசடி.

மணி வயிற்றில் இருந்ததை ஒரு வாரம் நாங்கள் அக்கா பெயரில் எழுதி டேலி பண்ணியிருந்தோம். அப்படி எழுதினதால்தான் மேற்கொண்டு தேடவும் இல்லை. இன்னும் இரண்டு நாள் அப்படியே விட்டிருந்தால் இந்தக் கட்டுரை வேறு மாதிரி முடிந்திருக்கும்.

"மன்னிச்சுடுங்கக்கா" என்றேன் ஆட்டோவில். இதைச் சொல்ல எனக்கு இரண்டு சிக்னல் ஆயிற்று. அக்கா அதைக் காதில் வாங்கினாரா என்றுகூடத் தெரியவில்லை. "மணிக்கு நல்லாயிடும்ல சார்?" என்று கேட்டார்.

மறுநாள் மனைவியும் அவரிடம் பேசினாள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. கேன் வெளியே போனது. தோல் டாக்டர், களிம்பு, உள்ளே பருத்தி வைத்த ரப்பர் கையுறை. கை ஆற மணியைவிட அதிக நாள் ஆயிற்று. தரையை மறுபடி அக்காதான் துடைக்கிறார், கையுறை போட்டுக்கொண்டு, முதல் வாரத்தில் கொஞ்சம் விறைப்பாக.

உங்கள் வீட்டில் வேலை செய்கிறவர் கையை நீங்கள் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? நான் பதினோரு வருஷம் பார்க்கவில்லை. அதனால்தான் கேட்கிறேன்.

இப்போதும் ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி, சம்பளக் கவரை வாங்கி இடுப்பில் செருகிக்கொள்வதற்கு முன்னால் அக்கா கேட்கிற கேள்வி ஒன்று உண்டு.

"மணிக்குச் சொட்டு மருந்து வாங்கிட்டீங்களா சார்?"

வாங்கிவிட்டேன் என்று சொன்னால் போதாது. காட்ட வேண்டும்.